ஞாயிற்றுக்கிழமைக் காந்தல்

அக்காவுக்கு உதவி செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் ஷார்ஜாவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் ஒருவர்கூட இல்லை. லிஃப்ட் பழுதான ஒரு கோடையில் பத்துக் கிலோ அரிசிப் பையோடு நான்காவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த என் கணவர் மரியாதைக்குப் பையின் ஒரு காதைப் பிடித்தார். அக்கா நின்றாள், திரும்பினாள், அவர் கையைப் பார்த்தாள். "எனக்குக் கை இருக்குல்லா?" என்று கேட்டாள். அன்றைக்கு விட்டவர்தான். அதற்குப் பிறகு அவர் அக்காவுக்குக் கதவைக்கூடத் திறந்து பிடித்ததில்லை.

எங்களுக்கு எதிர் வீடு. பாளையங்கோட்டைக்காரி. ஐம்பதைத் தாண்டியவள், தனியாக இருந்தாள். தெருமுனையில் இருந்த டைப்பிங் சென்டரில் வேலை. விசா, அடையாள அட்டை, வீட்டு ஒப்பந்தம் என்று இந்த நாட்டில் ஒரு ஆள் இருக்கிறான் என்பதற்கு வேண்டிய தாள் எல்லாம் அந்த மாதிரிக் கடைகளில்தான் டைப் ஆகி அரசாங்கத்துக்குப் போகும். அக்கா இங்கிலீஷும் அரபியும் ஒரே வேகத்தில் அடிப்பாள். கடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தாலும் கூட்டம் அவள் மேசைக்கு முன்னால்தான் நிற்கும். அவள் அடித்த ஃபார்ம் திரும்பி வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

அங்கேயும் அவளுக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். நான் ஒருநாள் மகளின் விசா விஷயமாகப் போயிருந்தபோது எனக்கு முன்னால் சைட்டில் வேலை பார்க்கும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் நின்றார். அக்கா திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்களே பாத்துக்கங்கக்கா. நான் என்னத்தப் பாக்க" என்றார் அவர்.

"ஏன், ஒனக்குக் கண்ணு இல்லையா? பாஸ்போர்ட்டப் பாரு, ஸ்கிரீனப் பாரு. ஒன் பேர நீயே வாய்விட்டு வாசி. பெறவுதான் பட்டனத் தட்டுவேன்."

அந்த ஆள் கூட்டத்துக்கு நடுவில் தன் பெயரையும் அப்பா பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். எனக்கு அவர்மேல் பாவமாகவும் அக்காமேல் எரிச்சலாகவும் இருந்தது. அடுத்து என் முறை வந்தபோது என்னையும் வாசிக்கவைத்தாள்.

வாரத்தில் ஒருநாள் மட்டும் அவள் சமைக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்த காலத்தில் வெள்ளி மதியம், விடுமுறை மாறியபின் ஞாயிறு மதியம். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஈரானி ஹோட்டல் இருந்தது. பத்துப் பன்னிரண்டு மேசை, உள்ளே குடும்பங்களுக்குத் திரை போட்ட தடுப்பறைகள் மூன்று, வாசலில் ரொட்டி சுடும் அடுப்பு. வளைகுடாவில் பாதி ஜனம் பார்சல் வாங்கி ரூமில் உட்கார்ந்து பாலித்தீன் விரிப்பின்மேல் சாப்பிடும். அக்காவுக்குப் பார்சல் என்ற சொல்லே ஆகாது. தனியாகப் போவாள், திரைக்குள் போகமாட்டாள், ஜன்னலோர மேசையில் நாலு பேர் பார்க்க உட்கார்ந்து, ஸ்பூனையும் ஃபோர்க்கையும் ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு, கையால் பிசைந்து சாப்பிடுவாள்.

என்னை முதல்முறை அவள் அங்கே கூட்டிப்போனபோது நான் ஒரு சண்டைக்குத் தயாரானேன். குங்குமப்பூச் சோறு வந்தது, மேலே வெண்ணெய்க் கட்டி உருகிக்கொண்டிருந்தது. கபாப் வந்தது, சுட்ட தக்காளி வந்தது, பச்சை வெங்காயமும் துளசி மாதிரி ஒரு கீரையும் ஒரு தட்டில் வந்தன. கீரையும் காய்ந்த எலுமிச்சையும் போட்ட ஒரு குழம்பு வந்தது. அதெல்லாம் சரி. கடைசியில் கடைக்காரரே ஒரு தட்டில், சட்டியின் அடியில் பிடித்துச் சிவந்த சோற்றை வட்டமாகப் பெயர்த்தெடுத்துக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் அம்மா சட்டியில் தண்ணீரை ஊற்றி யார் கண்ணிலும் படாமல் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடுவாள்.

"என்னக்கா இது? அடிப்பிடிச்சதச் சுரண்டிக் கொண்டாந்து வைக்கிறாரு! நம்மளப் பார்த்தா அவருக்கு எப்படித் தெரியுது?"

"சும்மா கெட. காந்தல்ட்டி அது. ஒரு சட்டிக்கு ஒண்ணுதான் உண்டும். நேரத்தோட வந்தவியளுக்குத்தான் கெடைக்கும். நான் என்னத்துக்குப் பன்னெண்டு மணிக்கே ஓடி வருதேன்னு நெனச்ச?"

அவர்கள் அதைத் தஹ்திக் என்கிறார்கள். விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதை அது. அக்கா ஒரு துண்டை உடைத்து என் தட்டில் வைக்கவில்லை, காந்தல் தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள். உடைத்துக் குழம்பில் முக்கித் தின்றேன். அம்மா தண்ணீர் ஊற்றிக் கெடுத்த சட்டிகளை எல்லாம் நினைத்து வயிறெரிந்தது.

கடைக்காரர் ஷிராஸ் பக்கத்துக்காரர். அறுபத்தைந்து வயதிருக்கும். எல்லோரும் அவரை ஹாஜி என்பார்கள், அக்காவும் அப்படித்தான். அவர் அக்காவை ஹானூம் என்பார், அம்மணி என்கிற மாதிரி. இரண்டு பேருக்கும் பொதுமொழி ஓட்டை இந்தியும் கொஞ்சம் அரபியும். ஆனால் அவர்களுக்குள் நடந்த சண்டைக்கு மொழியே தேவைப்படவில்லை. அவர் காந்தலைத் தன் கையால் உடைத்து முதல் துண்டை விருந்தாளியின் தட்டில் வைப்பவர். அது அவர் வீட்டு வழக்கம், ஊர் வழக்கம். "பெஃபர்மாயீத்" என்பார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அக்கா "நஹி ஹாஜி, ஹாத் ஹை", எனக்குக் கை இருக்கிறது என்று தன் கையைக் காட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே இரண்டாவது முறை "பெஃபர்மாயீத்" என்பார். அக்கா மறுபடி கையைக் காட்டுவாள். மூன்றாவது முறையும் அவர் கேட்பார். மூன்றாவது முறையும் அவள் வேண்டாம் என்பாள். அவர் முகம் சுருங்கிவிடும். தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். அக்கா தானே மளுக்கென்று உடைத்துத் தின்பாள்.

ஒருநாள் நான் கை கழுவப் போனபோது அவர் என்னைக் கல்லாப் பக்கம் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார், ஹானூமுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார். அவர்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாவது தடவை வேண்டாம் என்பதும் மரியாதைதான். மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டுவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் மூன்றாவது தடவையும் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் இந்த ஹானூம்தான்.

"கோபமெல்லாம் இல்ல ஹாஜி. எங்ககிட்டயும் அப்படித்தான்" என்றேன். அவர் நம்பவில்லை. அக்காவிடம் வந்து சொன்னபோது அவளும் நம்பவில்லை.

"மொதத் தடவ வேண்டாம்னு சொல்லும்போதே வேண்டாம்னுதானட்டி அர்த்தம்? அத என்னத்துக்கு மூணு தடவ கேக்கணும்?"

அக்காவின் அன்பு எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஆளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள். ஒருமுறை எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. குனியவும் முடியாது, எக்கவும் முடியாது. வேறு எந்தப் பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தாலும் மூன்று நாள் சமைத்துக் கொடுத்திருப்பாள். அக்கா வந்தாள், என் அடுக்களையைத் திறந்தாள், மேலே இருந்த டப்பாக்களைக் கீழே இறக்கினாள், கீழே இருந்த குக்கரை மேலே தூக்கினாள். ஒரு மணி நேரத்தில் எனக்கு வேண்டியதெல்லாம் நான் நின்றபடி கையை நீட்டினால் எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது. "இனி நீ பாத்துக்கிடுவ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அழுகையே வந்தது, கோபத்திலா நன்றியிலா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த அடுக்கை நான் அந்த வீட்டைக் காலி செய்யும்வரை மாற்றவில்லை.

விடுமுறை ஞாயிறுக்கு மாறிய வருஷத்தில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. காலை பத்து மணிக்கு, டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே. யாரோ ஒருவரின் பெயரை அடிக்கிறாள், திரையில் பாதி எழுத்துதான் விழுகிறது. இடக்கைப் பக்கத்து எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறது, வலக்கை அடிக்க வேண்டிய எழுத்து ஒன்றுகூட இல்லை. அப்படித்தான் அவள் கண்டுபிடித்தாள். முன்னால் நின்றவரிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, "அந்த மேசைக்குப் போ" என்று குழறியிருக்கிறாள். பக்கத்து மேசைக்காரர் பதறி எழுந்து ஃபோனை எடுக்க, அதற்குள் அக்கா இடக்கையால் ஆம்புலன்ஸைத் தானே கூப்பிட்டுவிட்டாள்.

நேரத்தோடு போனதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சு பத்து நாளில் திரும்பியது. கால் ஒரு மாதத்தில் சொன்னபடி கேட்டது. வலக்கை மட்டும் தோளிலிருந்து தொங்கியது. அசைக்கலாம், ஆனால் விரல்களுக்குப் பலம் இல்லை. பயிற்சி செய்தால் கொஞ்சம் வரலாம் என்றார்கள். எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை.

கடை முதலாளி நேரிலேயே வந்தார். கெட்டவர் இல்லை. "விசா முடிய மூணு மாசம் இருக்கு. அதுவரைக்கும் ரெஸ்ட் எடுங்க, அப்புறம் பார்ப்போம்" என்றார். அப்புறம் பார்ப்போம் என்றால் என்ன என்பது வளைகுடாவில் எல்லோருக்கும் தெரியும். வேலை இல்லாவிட்டால் விசா இல்லை, விசா இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். அக்காவின் தம்பி பாளையங்கோட்டையிலிருந்து தினமும் வீடியோவில் வந்தார். பாசக்காரர். கண் கலங்காமல் பேசமாட்டார்.

"எக்கா, நீ வந்துரு. மாடி ரூம ஒழிச்சு வச்சாச்சு. ஒனக்கு என்ன கொறச்ச? நாங்க ஊட்டி விடுதோம்" என்றார் ஒருநாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அன்றிலிருந்து அவள் முகமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு என் கதவைத் தட்டினாள். "சாப்பிடப் போறேன். வாரியா?" கையைப் பிடித்துக்கொள்ளப் போய் நிறுத்திக்கொண்டேன். ஹோட்டலில் எங்களைப் பார்த்ததும் பரிமாறுகிறவர் ஓடிவந்து திரை போட்ட அறை ஒன்றைத் திறந்துவிட்டார். யாரும் பார்க்காமல் சாப்பிடட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அக்கா அந்தத் திரையை இடக்கையால் இழுத்து மூடினாள், வெளியிலிருந்து. பிறகு காலை இழுத்தபடி ஜன்னலோர மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

ஹாஜி காந்தல் தட்டோடு வந்தார். இன்றைக்கும் பெஃபர்மாயீத் என்று மூன்று முறை கேட்கப்போகிறார், அக்கா காட்டுவதற்கு அந்தக் கை மேலே வராதே என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. உடைக்காத வட்டக் காந்தலை முழுசாக அவள் முன்னால் வைத்தார். நகர்ந்துபோய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அக்கா இடக்கையால் வலக்கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். விரல்களைக் காந்தலின்மேல் கொண்டுபோனாள். அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். நெற்றியில் வியர்த்தது. வெண்ணெய் உருகி, சோறு ஆறி, குழம்பில் ஆடை கட்டியது. எனக்குத் தாங்கவில்லை. உடைத்துக் கொடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். பின்னாலிருந்து ஹாஜி வந்து என் மணிக்கட்டைத் தொட்டார். அந்நியப் பெண்ணின் கையைத் தொடுகிற ஆள் இல்லை அவர். தொட்டுவிட்டு அவரே பதறிக் கையை எடுத்துக்கொண்டார்.

அன்று அக்கா இடக்கையில் ஸ்பூன் பிடித்துச் சோற்றைத் தின்றாள். நம் ஆட்களுக்கு இடக்கையால் தின்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குனிந்துகொண்டுதான் தின்றாள். காந்தலை மட்டும் தொடவில்லை. எழுந்திருக்கும்போது அதை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அக்கா ஹோட்டலிலிருந்து ஒரு சாமானை வீட்டுக்கு எடுத்துப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறும் அதே கதை. அதற்கடுத்த ஞாயிறும். ஒரு சாயங்காலம் இட்லிப் பொடி கேட்கும் சாக்கில் எட்டிப் பார்த்தேன். அடுக்களை மேடையில் காந்தல் ஒன்று கிடந்தது, வைத்து வைத்துக் கல்லாகிப்போனது. அதன்மேல் அவள் வலக்கைக் கட்டைவிரலை வைத்து உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்திக்கொண்டிருந்தாள். அலமாரியில் இன்னும் இரண்டு காந்தல் அடுக்கியிருந்தது. பிசியோதெரபிக்காரர்கள் கொடுத்த ரப்பர் பந்து ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்தது.

"எதுக்குக்கா இந்தப் பிடிவாதம்? தம்பி கூப்பிடுறாரு. பாசமா இருக்காரு. போயிட்டு ஒரு வருஷம் இருந்து பார்க்கக் கூடாதா?" என்று கேட்டேன். மனதில் இருந்ததைத்தான் கேட்டேன்.

அவள் கையை எடுக்கவில்லை. அழுத்திக்கொண்டே பேசினாள்.

"எங்க அம்ம மூணு வருசம் படுக்கையில கெடந்தா. நான்தான் ஊட்டுனேன். ஊரே என்னப் பெருமையாப் பேசிச்சு. அம்ம போதும்னு தலைய ஆட்டுவா. நான் கேக்க மாட்டேன். 'இன்னும் ஒரு வா சோறு, இன்னும் ஒரே ஒரு வா'ன்னு திணிப்பேன். பாசந்தான். பாசத்துலதான் திணிச்சேன். ஊட்டுத கை இருக்குல்லா, அது பாசமாத்தான் இருக்கும்ட்டி. ஆனா வாய எப்பம் தொறக்கணும், எப்பம் மூடணும்னு அதுதான் முடிவு பண்ணும். கடைசிக் காலத்துல அம்ம என்னப் பாத்தாலே வாய இறுக்க மூடிக்கிடுவா."

அவளைப் பற்றி நான் எரிச்சலோடு நினைத்ததெல்லாம் அந்த நிமிஷம் எனக்குள் இடம் மாறியது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அவள் ஏன் அப்படி வெடுக்கென்று சொல்கிறாள் என்று தெரிந்தது. பொடியை வாங்க மறந்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது மாதம் முடிவதற்குள் அவள் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். இடக்கை ஒன்றால் முழு விசைப்பலகையையும் ஆளக் கற்றுக்கொண்டிருந்தாள். பழைய வேகத்தில் பாதிகூட இல்லை. ஆனால் பெயரை வாய்விட்டு வாசிக்கச் சொல்வது மட்டும் நிற்கவில்லை. பக்கத்து மேசை காலியாக இருந்தாலும் ஆட்கள், "பரவால்லக்கா, நாங்க இருக்கோம், நீங்க மெதுவா அடிங்க" என்று நின்றார்கள். முதலாளி இதையெல்லாம் பார்த்தார். விசா முடிவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது கூப்பிட்டு, "புதுப்பிக்க நான் தயார். ஆனா நீங்க இருக்கீங்களா, ஊருக்குப் போறீங்களான்னு திங்கட்கிழமை உறுதியாச் சொல்லணும்" என்றார்.

அந்த வாரம்தான் தம்பி வந்து இறங்கினார். விசிட் விசாவில் வந்து, செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு டிக்கெட்டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அக்கா இடக்கையால் தோசை திருப்புவதைப் பார்த்துச் சுவரில் சாய்ந்து அழுதார். அவர் கேட்ட கேள்வியும் நியாயமான கேள்விதான்.

"எக்கா, ராத்திரி மறுபடி ஒனக்கு இப்படி வந்தா யாரு இருக்கா? இவ்வொ எத்தன நாள் எதிர் வீட்டுல இருப்பாவ?" என்று என்னைக் காட்டினார். என் கணவர் அப்போதே சவூதியில், தம்மாமில் வேலை தேடிக்கொண்டிருந்தார்.

அக்கா தோசையை எடுத்துத் தட்டில் வைத்தாள். "ஞாயித்துக்கெழம எங்கூடச் சாப்பிட வால. அங்கன காந்தல் தருவாவ. நான் அத என் வலக்கையால ஒடச்சுத் தின்னேன்னா, நீ ஒத்தையாப் போகணும். ஒடைக்க முடியலன்னா மறுபேச்சுப் பேசாம ஒங்கூட வந்துருதேன்."

தம்பி முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. அவரை அனுப்பிவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன். "என்னக்கா இப்படி வாயை விட்டுட்டீங்க? இத்தன ஞாயித்துக்கெழமையில ஒரு தடவையாவது உடைச்சிருக்கீங்களா?"

"இல்ல" என்றாள், பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூன்று பேரும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தோம். சோறு வந்தது, கபாப் வந்தது, கீரைக் குழம்பு வந்தது. ஹாஜிக்கு நான் முந்தின நாளே போய் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். மெல்லிசாக எடுத்து வையுங்கள் என்று கேட்கத்தான் போனேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் கேட்க வாய் வரவில்லை. எப்போதும் போல விரல் கனத்துக்கு இருந்த காந்தலை முழுசாகக் கொண்டுவந்து வைத்தார். இந்த முறை கல்லாவுக்குப் போகவில்லை. அங்கேயே நின்றார்.

அக்கா வலக்கையைத் தூக்கினாள். இடக்கையின் துணை இல்லாமல் தூக்கினாள், அதுவே புதிது. கட்டைவிரலைக் காந்தலின் நடுவில் வைத்து அழுத்தினாள். தட்டு வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. நான் தட்டைப் பிடிக்கப் போனேன், அவள் பார்த்த பார்வையில் கையை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது முறை அழுத்தியபோது காந்தல் வளைகிற மாதிரி இருந்தது, உடையவில்லை. தம்பி, "போதும்க்கா" என்றார். "போதும்க்கா, விடு. நான் ஒடச்சுத் தாரேன்."

அவள் காதில் வாங்கவில்லை. காந்தலை விரல்களால் நெம்பிக் கவிழ்த்துப் போட்டாள். சிவந்த பக்கம் கீழே போய், வெள்ளைச் சோற்றுப் பக்கம் மேலே வந்தது. அப்புறம்தான் எனக்கு விளங்கியது, அவள் சாயங்காலங்களில் அந்தக் கல்லுக் காந்தல்களோடு பாடுபட்டு, எந்தப் பக்கம் எங்கே அழுத்தினால் உடையும் என்று தேடியிருக்கிறாள் என்று. உள்ளங்கையின் அடிப்பக்கத்தை ஓரத்தில் ஊன்றி, தோளிலிருந்து ஒரே அழுத்தாக அழுத்தினாள்.

மளுக்கென்றது. அடுத்த மேசையில் இருந்த ஈரானிக் குடும்பம் திரும்பிப் பார்த்தது.

நான் வாய்விட்டு அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அக்கா அழவில்லை. அவளுக்கு வேலை இன்னும் பாக்கி இருந்தது. கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்ந்து ஒரு துண்டைத் தடுமாறி எடுத்தன. வாய்க்குத்தான் கொண்டுபோகிறாள் என்று நினைத்தேன். கை வாய்ப்பக்கம் போகவில்லை. இன்னும் வாய் வைக்காத, எச்சில்படாத முதல் துண்டு. அதை ஹாஜிக்கு முன்னால் நீட்டினாள்.

"பெஃபர்மாயீத், ஹாஜி."

கை நடுங்கியது. காந்தலின் உதிர்ந்த பருக்கைகள் மேசைமேல் விழுந்தன. அந்த மனிதர் தன் வாழ்நாளில் யார் எதை நீட்டினாலும் முதல் தடவையே வாங்கியிருக்கமாட்டார். அன்று ஒரு நொடிகூட யோசிக்காமல் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார்.

அக்கா துண்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நஹி, ஹாஜி. பெஹ்லே நஹி போலோ!"

முதலில் வேண்டாம் என்று சொல்லும் என்கிறாள். அவர் அவளைப் பார்த்தார், நடுங்கும் கையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். புரிந்தது. வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினார். "நா, ஹானூம்" என்றார்.

"பெஃபர்மாயீத்."

இப்போது கை ஒரு சாண் இறங்கிவிட்டது. தோள் துடிப்பது சேலைக்கு மேலே தெரிந்தது. தாங்கிப் பிடிக்கத் தம்பியின் கை மேசைக்கு மேலே வந்தது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினேன். அக்கா உதட்டைக் கடித்துக் கையை மறுபடி பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தாள்.

"நா, ஹானூம்" என்றார் ஹாஜி. கண்ணீர் வெண்தாடியில் இறங்கியது. அதைத் துடைத்துக்கூட நேரத்தைக் கடத்தவில்லை.

"பெஃபர்மாயீத்" என்றாள் அக்கா, மூன்றாவது முறை.

"மெர்சி, ஹானூம்" என்று நன்றி சொல்லி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். நின்றபடியே தின்றார்.

அப்புறம் அக்கா ஸ்பூனை ஓரமாக ஒதுக்கினாள். காந்தலைக் குழம்பில் போட்டு, சோற்றை வலக்கையால் பிசைந்தாள். பாதி தட்டுக்கு வெளியே சிந்தியது, பாதி வாய்க்குப் போனது. சிந்தியதை யாரும் துடைக்கவில்லை. நாலு வாய் தின்ற பிறகுதான் தம்பி பக்கம் திரும்பினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சட்டைப் பையில் இருந்த டிக்கெட் காகிதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அக்கா மிச்சமிருந்த காந்தலில் ஒரு துண்டை எடுத்து அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"ஏல, ஒனக்கு வேணுமா, வேண்டாமா? நம்ம ஊருக்காரனுக்கு ஒரே தடவதான் கேப்பேன்."

தம்பி கையை நீட்டினார். செவ்வாய்க்கிழமை அவர் மட்டும்தான் விமானம் ஏறினார்.